தூக்குவாளியும் சிற்பமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, சங்கத்தின் பொறுப்பாளர்களே, இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை நேர வகுப்புகளின் விளக்கை அணையாமல் காத்துவரும் ஆசிரிய நண்பர்களே, ஆலைப் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடச் செல்லாமல் நேரே இவ்வரங்கிற்கு வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'கல்வியும் முன்னேற்றமும்' என்பது. அத்தலைப்பில் சென்ற ஆண்டு விழாவிலும் பேசினேன். அதற்கு முந்தைய ஆண்டும் பேசினேன். கேட்ட உங்களுக்கும் சலிப்பு, பேசிய எனக்கும் சலிப்பு. ஆகவே இம்முறை வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். "எதைப் பற்றி ஐயா?" என்று செயலாளர் கேட்டார். "சிற்பத்தைப் பற்றி" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பட்டாசுக்காரர் ஊரில் சிற்பமா?" என்று சிரித்தார். அக்கேள்விக்குரிய விடையாகவே இவ்வுரையை அமைத்துக்கொள்கிறேன்.

சிற்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழுவது கோயில். கல்லிலே யாளி, கல்லிலே நடராசர், கல்லிலே பாவை விளக்கு ஏந்திய பெண். உலகம் போற்றும் கலை அது; நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பாட்டன்மார் அதைப் பார்த்தார்களா என்பதே என் வினா. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் சிலர் நுழைந்த நாள் 1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8. அதற்கு முன்பு அக்கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் எந்தத் தூணில் என்ன உருவம் இருந்தது என்று நம்மவர்க்குச் சொல்ல எவரும் இல்லை. கல்லைப் பிளந்து கொடுத்தவனுக்கும், மண்ணைச் சுமந்து கொட்டியவளுக்கும், தாங்கள் சுமந்தது என்னவாயிற்று என்று உள்ளே போய்ப் பார்க்க உரிமை இல்லை. ஆகவே சிற்பம் என்பது நமக்கு நெடுங்காலம் மதிலுக்கு அப்பால் இருந்த ஒரு பொருள். 'அது நமக்கானது அன்று' என்ற எண்ணம் இன்றும் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

சென்ற நூற்றாண்டிலே சிற்பக் கலையில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. கல், வெண்கலம், சந்தன மரம் என்னும் உயர்ந்த பொருள்களில்தான் சிற்பம் செய்யவேண்டும் என்ற விதி உடைந்தது. பிரான்சு நாட்டிலே பிறந்த மார்செல் துசாம்ப் என்பவர் 1917இல், கடையில் வாங்கிய ஒரு சிறுநீர்க் கழிகலத்தைத் திருப்பி வைத்து, 'நீரூற்று' என்று பெயரிட்டு, நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். அவர்கள் அதை வைக்க மறுத்தார்கள். அதுவே பெரும் பேச்சாயிற்று. எனக்கு அவ்வேடிக்கையில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஆனால் 1942இல் பிக்காசோ செய்ததைக் கேளுங்கள். பழைய மிதிவண்டியின் இருக்கை ஒன்று, கைப்பிடி ஒன்று. இரண்டையும் சேர்த்து வைத்தார். காளையின் தலை வந்துவிட்டது. இருக்கை முகமாயிற்று, கைப்பிடி கொம்பாயிற்று. மாட்டைப் பற்றி அறிந்த நம் ஊர்ச் சிறுவன் எவனும் அதைக் கண்ட அக்கணமே 'காளை' என்று கூவிவிடுவான். அதற்குக் கலைப் படிப்பு வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். வங்காளத்துப் பாங்குரா என்னும் ஊரில் 1906இல், முடிதிருத்தும் தொழில் செய்த எளிய குடும்பத்தில் பிறந்தவர் ராம்கிங்கர் பைஜ். தாகூரின் சாந்திநிகேதனுக்கு மாணவராகச் சென்று அங்கேயே ஆசிரியரானவர். வெண்கலம் வார்க்கப் பணம் இல்லை. பளிங்கு வாங்க வழி இல்லை. அவர் என்ன செய்தார்? காலடியில் கிடந்த செம்மண் சரளைக் கல்லை அள்ளினார், சிமெண்டிலே கலந்தார், திறந்த வெளியில் நின்றபடியே அப்பி அப்பி ஆளுயரத்திற்கும் மேலான உருவங்களை எழுப்பினார். 1938இல் அவ்வாறு உருவானதுதான் 'சந்தால் குடும்பம்' என்னும் சிற்பம். பிழைப்புத் தேடி இடம் பெயரும் ஒரு பழங்குடிக் குடும்பம்: ஆண் தோளிலே காவடித் தடி, அதில் தொங்கும் கூடையிலே குழந்தை, பெண் இடுப்பிலே இன்னொரு குழந்தை, தலையிலே சுமை, கூடவே ஒரு நாய். தெய்வமில்லை, அரசனில்லை, தேசத் தலைவருமில்லை. இந்தியாவின் முதல் நவீனப் பொதுவெளிச் சிற்பம் என்று அறிஞர்கள் அதைப் போற்றுகிறார்கள். 1970இல் அவருக்குப் பத்மபூசண் விருது வழங்கப்பெற்றது.

அவர் 1956இல் செய்த 'ஆலை அழைப்பு' என்னும் சிற்பம் ஒன்றுண்டு. அதன் படத்தை நான் பத்தாம் வகுப்பில் காட்டினேன். சங்கொலி கேட்டு ஆலைக்கு விரைகின்ற இரண்டு பெண்கள். ஓடும்போதே ஈரச் சேலையைக் காற்றில் உலர்த்திக்கொண்டு ஓடுகிறார்கள். பின்னால் ஒரு சிறுவன். வகுப்பிலே ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இது எங்கள் தெரு" என்றாள். நான் அதற்கு மேல் ஒரு சொல்லும் விளக்கம் கூறவில்லை.

சண்டிகரில் நேக் சந்த் என்றொருவர் இருந்தார். பொதுப்பணித் துறையில் சாலைக் கண்காணிப்பாளர். அப்புது நகரத்தை எழுப்புவதற்காக அங்கிருந்த சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அவ்விடிபாடுகளில் கிடைத்த உடைந்த வளையல், பீங்கான் ஓடு, மின்சாரப் பொருள்களின் துண்டு முதலியவற்றை 1950களின் இறுதியிலிருந்து தம் மிதிவண்டியிலே கொண்டுபோய், காட்டுக்குள் யாருமறியாமல் சேர்த்து, மனித உருவங்களும் விலங்கு உருவங்களுமாகச் செய்து நிறுத்தினார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அரசுக்கே தெரியாது. அரசு நிலத்தில் அனுமதியின்றிச் செய்த வேலை ஆதலால் இடித்துத் தள்ளியிருக்கலாம். நல்ல வேளையாக, 1976இல் அதையே பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். 1984இல் அவருக்குப் பத்மசிறீ. 2015இல் அவர் காலமானார். பாறைத் தோட்டம் என்ற பெயரில் அது இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. நான் அரசு ஊழியன் ஆகையால், இவ்வரலாற்றில் அவருடைய மேலதிகாரிகளின் மனநிலையைப் பற்றித்தான் முதலில் எண்ணிப் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆப்பிரிக்காவில், கானா நாட்டிலே 1944இல் பிறந்து, நைசீரிய நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1975 முதல் ஆசிரியராகப் பணியாற்றியவர் எல் அனாட்சுயி. மதுப் புட்டிகளின் மூடிகளை ஆயிரக்கணக்கில் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, சுவர் முழுதும் தொங்கும் பட்டாடை போலச் செய்கிறார். தொலைவிலிருந்து பார்த்தால் பொன்னாடை. அருகில் சென்றால் சாராய மூடி. ஐரோப்பியர் அம்மதுவைக் கொண்டுவந்து கொடுத்து அம்மண்ணின் மக்களை அடிமைகளாக வாங்கிச் சென்ற வரலாறு அம்மூடிகளுக்குள் இருக்கிறது. 2015இல் வெனிசு நகரக் கலைவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான பொற்சிங்க விருது அவருக்குக் கிடைத்தது. நம் ஊர் எல்லையில் உள்ள கடைக்குப் பக்கத்தில் அத்தகைய மூடிகள் எவ்வளவு கிடக்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தந்தைமார்கள் சற்றுப் பொறுத்தருள்க.

இப்போது தூக்குவாளிக்கு வருகிறேன்.

பீகார் மாநிலத்தில், பாட்னாவை அடுத்த ககோல் என்னும் இரயில்வே ஊரில் 1964இல் பிறந்தவர் சுபோத் குப்தா. தந்தையார் இரயில்வே ஊழியர். மகன் சிறுவனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். பாட்னா ஓவியக் கல்லூரியிலே படித்தவர். முதலில் ஓவியம் வரைந்தார். பிறகு வீட்டுப் பொருள்களின் பக்கம் திரும்பினார். உட்காரும் மணைப் பலகைகளை வைத்து ஒரு படைப்பு, வரட்டியை அடுக்கிக் குடில் போல எழுப்பிய ஒரு படைப்பு. அதன் பின்னர் எவர்சில்வர் பாத்திரத்தைக் கையில் எடுத்தார். அடுக்குச் சட்டி, தட்டு, தம்ளர், வாளி, கரண்டி, சம்படம் என நம் அடுப்பங்கரையில் உள்ள அத்தனையும் அவருடைய சிற்பத்துக்குச் செங்கல்லாயின. 2006இல் பாத்திரங்களைக் கொண்டே மாபெரும் மண்டையோடு ஒன்றைச் செய்தார். 'மிகவும் பசித்த கடவுள்' என்பது அதன் பெயர். உண்ணும் கலங்களால் ஆன சாவின் முகம் அது. பாரிசில் ஒரு தேவாலயத்திலே முதலில் வைக்கப்பட்டுப் பிறகு வெனிசுக்குச் சென்றது.

2008இல் அவர் செய்தது 'எல்லைக் கோடு' என்னும் சிற்பம். அணுகுண்டு வெடித்தால் வானத்தில் காளான் போல ஒரு புகை மேகம் எழுமல்லவா, அம்மேகம் முழுவதையும் எவர்சில்வர் பாத்திரங்களால் எழுப்பினார். எடை இருபது டன்னுக்கும் அதிகம். 2009இல் இலண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டது. பின்பு தில்லியில் கிரண் நாடார் கலைக்கூடத்திற்கு வந்தது. இந்தியாவும் பாகிசுத்தானும் ஒன்றையொன்று குறிவைத்து நிற்பதையே அவர் எண்ணியிருக்க வேண்டும். பெயரும் அதையே சொல்கிறது.

அன்பார்ந்த தாய்மார்களே! வெடிப்பின் புகையைச் சோற்றுப் பாத்திரங்களால் செய்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு எல்லைப் போர் நினைவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். பள்ளியிலே மாணவர்கள் எங்களுக்குப் பூங்கொத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பகல்பொழுதில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ நாற்பது உயிர்கள். அதற்கு முன்னும் விபத்து உண்டு, பின்னும் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. நான் பேசப் புகுவது எண்ணிக்கை அன்று. வேறொரு சமயம், வேறோர் ஆலையில் நடந்த விபத்திற்குப் பிறகு என் மாணவன் ஒருவனுடைய தாயாரைத் தேடி உறவினர்களோடு நானும் சென்றேன். அறைகள் இருந்த இடத்தில் சுவர் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரம். அதனடியில் காலையில் வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. ஒன்றும் கெடவில்லை. மூடிகூடத் திறக்கவில்லை. நம் ஊர் வழக்கப்படி ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருந்தது. சிலவற்றில் கல்யாணத் தேதி, சிலவற்றில் 'தாய்மாமன் அன்பளிப்பு'. உறவினர்கள் ஒவ்வொரு வாளியாகத் தூக்கி, வெயிலில் சாய்த்து, பெயரைப் படித்தார்கள். தங்கள் வீட்டுப் பெயர் இருந்தால் அழுதார்கள். இல்லாவிட்டால் மருத்துவமனைக்கு ஓடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் ஒரு வாளியை என்னிடம் நீட்டி, "வாத்தியாரய்யா, என்ன பேர் போட்டிருக்கு?" என்று கேட்டார். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் படித்தவற்றுள் மிகக் கடினமான சொல் அது.

அதனால்தான், 2013 பொங்கல் விடுமுறையில் ஆசிரிய நண்பர் இருவருடன் கொச்சிக்குச் சென்றிருந்தபோது, அங்கு முதன்முறையாக நடந்துகொண்டிருந்த கொச்சி முசிறிசு கலைவிழாவில் ஒரு படகின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டேன். அதுவும் இதே சுபோத் குப்தா செய்தது. கேரளத்து நெடிய மரப் படகு ஒன்று. அதன் உள்ளே விளிம்புவரை ஒரு குடும்பத்தின் உடைமைகள்: கட்டில், நாற்காலி, மீன்வலை, பழைய வானொலிப் பெட்டி, மிதிவண்டி, சட்டி பானைகள். ஆள் மட்டும் இல்லை. நண்பர்கள், "பழைய சாமான் கடை போலிருக்கிறது, வாருங்கள்" என்று அழைத்தார்கள். எனக்கு வேப்பமரத்தடி நினைவு. ஆள் இல்லாமல் பொருள் மட்டும் இருந்தால் அப்பொருள் பேசத் தொடங்கிவிடுகிறது என்பதை அன்று நான் அறிந்துகொண்டேன்.

சுபோத் குப்தாவிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அவருடைய புகழ்பெற்ற சிற்பங்களில் உள்ள பாத்திரங்கள் கடையிலிருந்து நேரே வந்தவை. கண்ணாடி போல் பளபளப்பவை. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்த கோடு அவற்றில் இல்லை. பெயர் வெட்டும் இல்லை. அவற்றைப் பெருஞ்செல்வர்கள் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பாத்திரம் துலக்குபவளின் கூலியை அவர்களில் எத்தனை பேர் உயர்த்திக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. பிற்காலத்தில் அவரும் பழைய, நசுங்கிய அலுமினியப் பாத்திரங்களைக் குவித்து, நடுவே குழாய்களில் தண்ணீர் ஒழுகும்படி ஒரு படைப்பைச் செய்தார். அதுவே எனக்குக் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

பாத்திரத்தைப் பற்றிப் பேசும் உரிமை வேறு எவரையும்விட நமக்கு அதிகம் என்பது என் துணிபு. எனக்குப் பத்து வயதிருக்கும். என் தந்தையாருடன் பக்கத்து ஊர்த் தேநீர்க் கடைக்குச் சென்றேன். கடைக்கு வெளியே பனந்தூணில் ஓர் ஆணி. அதில் இரண்டு அலுமினியத் தம்ளர்கள் தொங்கின. தந்தையார் அவற்றை எடுத்துக் கழுவினார், நீட்டினார், கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றினார், குடித்தோம், மீண்டும் கழுவி மாட்டினோம். தந்தையாருடைய இளமையில் அதுவும் இல்லை, சிரட்டைதான். "சிரட்டையிலிருந்து தம்ளருக்கு வந்துவிட்டோம்" என்று அவர் அதை ஒரு முன்னேற்றமாகவே சொல்வார். உள்ளே இருந்தவை கண்ணாடித் தம்ளர்கள். கண்ணாடிக்கும் அலுமினியத்திற்கும் உள்ள வேறுபாட்டை நான் அறிவியல் பாடத்திலே கற்பதற்கு முன்பே அங்கு கற்றேன். அந்த ஆணியையும் அத்தம்ளரையும் இன்று யாராவது பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு வெள்ளைச் சுவரில் மாட்டினால், அதற்குக் கீழே விளக்கக் குறிப்பு ஒன்றும் எழுத வேண்டியிராது.

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். போராட்டம் தண்ணீருக்காக, ஆனால் தண்ணீரை மறுத்தவர்கள் தீட்டு என்று சொன்னது குடத்தையும் கையையும். பேசுவாக்கள் ஆண்ட புனே நகரில் தாழ்த்தப்பட்டவர்கள் எச்சில் துப்பக் கழுத்திலே மண் கலயமும், காலடித் தடத்தைப் பெருக்க இடுப்பிலே துடைப்பமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்த கொடுமையை அவர் தம் நூலிலே எழுதியிருக்கிறார். கலயம், துடைப்பம்! இவற்றைவிட எளிய வீட்டுப் பொருள் உண்டா? நாகபுரியைச் சேர்ந்த சவி சாவர்க்கர் என்னும் ஓவியர் அந்தக் கலயத்தையும் துடைப்பத்தையும் மீண்டும் மீண்டும் வரைந்தார். மராட்டியத்தின் கோலாப்பூர் மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்த பிரபாகர் காம்ப்ளே என்னும் இளைஞர், பானைமேல் பானையாக அடுக்கியே சிற்பம் செய்கிறார். நம் வீடுகளிலும் உண்டே, அடியில் பெரிய பானை, மேலே மேலே சிறிய பானை, உச்சியில் ஒரு கலயம்! அந்த அடுக்கையே அவர் சாதியின் அடுக்காகக் காட்டுகிறார். அடிப்பானைதான் அத்தனை சுமையையும் தாங்குகிறது. எடுத்துப் புழங்கப்படுவதும் அதுவே கடைசி. 2022இல் பெர்லின் நகரக் கலைவிழாவில் அது வைக்கப்பட்டது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று பல பக்கங்களில் விளக்கியதை நம் ஆச்சிகளுக்கு ஒரு பானை அடுக்கால் விளக்கிவிடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் மீண்டும் கட்டப்பட்ட பின், 2004இல் அங்கே 'அகம் புறம்' என்னும் கலைக் கண்காட்சி நடந்தது. தா. சனாதனன் என்ற ஓவியர், போரின் கொடுமையை அனுபவித்த குடும்பங்களிடம் சென்று, வீட்டில் வைத்திருக்கும் ஏதேனும் ஒரு சிறு பொருளைக் கேட்டுப் பெற்று, அவற்றைப் புட்டிகளில் இட்டு, நூல்கள் எரிந்த இடத்திலே அடுக்கி வைத்தார். வெடிகுண்டையும் துப்பாக்கியையும் விட அந்தப் புட்டிகள் பார்த்தவர்களை அழவைத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவ்வளவு தொலைவும் போக வேண்டாம். நமக்கு அருகே வெம்பக்கோட்டையில் 2022 முதல் அகழாய்வு நடந்ததைப் பார்த்தீர்கள். அரசனின் மணிமுடியா கிடைத்தது? பெரும்பாலும் சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, பிள்ளைகள் ஆடிய வட்டச் சில்லு. புழங்கிய பொருள்தான் ஆளைவிட அதிக நாள் வாழ்கிறது.

"எல்லாம் சரி, இது சோறு போடுமா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நானும் அக்கேள்வியைக் கேட்டவன்தான். அதன் விளைவையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியப் பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். கணக்கில் மந்தம். ஒரு நாள் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைச் சுமந்து வந்தான். உள்ளே ஒரு பேருந்து. நம் ஆலைப் பேருந்து! தீப்பெட்டிக் குச்சியால் சட்டம், மருந்து செலுத்தாத காகிதக் குழாய்களால் சக்கரமும் இருக்கைகளும், மத்தாப்புக் கம்பியால் சன்னல். சன்னல்தோறும் திரி நூலைச் சுற்றிச் செய்த பெண்கள். அத்தனை பெண்களின் கைக்கும் அலுமினியப் பொடியைப் போல வெள்ளி வண்ணம் பூசியிருந்தான். அக்காலத்தில் என் தாயாரும் அதே பேருந்தில்தான் போய்வந்தார்; அவருடைய கைகளும் மாலையில் அந்த நிறத்திலேதான் இருக்கும். அப்படியிருந்தும் நான் என்ன செய்தேன்? "ஏழாம் வாய்ப்பாடு தெரியாதவனுக்கு இந்தக் குப்பை ஒரு கேடா?" என்று கேட்டு, அதை வகுப்புக்கு வெளியே வைக்கச் சொன்னேன். பிற்பகல் மழை பெய்தது. மறுவாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. இன்று திருப்பூரில் ஒரு பனியன் ஆலையில் மூட்டை கட்டுகிறார். சென்ற ஆண்டு ஊர்த் திருவிழாவில் சந்தித்தபோது அந்தப் பேருந்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சோறு போடுமா என்றால், எல்லோருக்கும் போடாது என்பதே உண்மை. சிற்பியாகிப் புகழ்பெறுபவர் ஆயிரத்தில் ஒருவர். ஆனால் பொறியியல் படித்துவிட்டு ஆலைக் கணக்கெழுதும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சென்னையிலே எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கப்பட்டது. கடற்கரையில் நாம் பேருந்துச் சன்னல் வழியே பார்க்கிறோமே, பாறையை நெம்பும் நான்கு உழைப்பாளிகள், 1959இல் நிறுவப்பட்ட அச்சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சவுத்ரி அக்கல்லூரியின் முதல் இந்தியத் தலைவராக இருந்தவர். கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கல்லூரி உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நான்காண்டுப் பட்டப் படிப்பு. அரசுக் கட்டணம். விடுதி உண்டு, அரசு உதவித்தொகையும் உண்டு. இவையெல்லாம் யாருடைய வரிப்பணத்தில் நடக்கின்றனவோ அவர்களுடைய பிள்ளைகள் அவ்வாயிலில் எத்தனை பேர் நுழைகிறார்கள்?

இனி என் வேண்டுகோள். நம் சங்கம் கால் நூற்றாண்டாகக் கொடுத்துவரும் உதவித்தொகையின் விதிகளை நேற்றிரவு மீண்டும் படித்தேன். மருத்துவம், செவிலியர் படிப்பு, பொறியியல், ஆசிரியர் பயிற்சி, சட்டம் என்று வரிசையாக இருக்கிறது. கடைசியில் 'மற்றும் இவை போன்ற பயனுள்ள படிப்புகள்' என்று ஒரு சொற்றொடர். அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன், கையெழுத்தும் என்னுடையதே. அந்தப் 'பயனுள்ள' என்ற சொல்லை இன்றைய பொதுக்குழுவில் நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கவின்கலை என்ற சொல்லைப் பெயர் சொல்லியே சேர்க்க வேண்டும்.

இதை நான் பொதுவாகக் கேட்கவில்லை. நம் மாலை வகுப்பிலே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன். அவளுடைய தந்தையார் இவ்வரங்கில் இருக்கிறார். வெளியே திண்ணையில், பந்தலுக்குப் பக்கத்தில், தூக்குவாளியின் மூடிகளைக் கம்பியில் கோத்து ஒரு மரம் போல நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விழாவுக்கு வந்தவர்கள் அலங்காரம் என்று எண்ணிக் கடந்து போனார்கள். அது அலங்காரம் அன்று. பழைய பாத்திரக் கடையில் நிறுவைக்கு வாங்கிய மூடிகள் அவை; எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது. உணவு இடைவேளையில் தயவுசெய்து அருகே சென்று படியுங்கள். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று மோதி எழுப்பும் ஓசை, ஆறு மணிக்குப் பேருந்துக்கு ஓடும்போது உங்கள் கையிலிருந்து எழும் அதே ஓசைதான்.

அவளுடைய தந்தையார் என்னிடம் இரண்டு முறை மறுத்துவிட்டார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை; வாய்ப்பாடு கேட்டு ஒரு பிள்ளையைத் துரத்திய நான் அவரைக் குறைகூற முடியாது. செவிலியர் படிப்புக்குச் சங்கம் பணம் தரும், இதற்குத் தராது என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஆகவே முதலில் சங்கம் பதில் சொல்லட்டும். எழும்பூர்க் கல்லூரிக்குரிய விவரங்களையும், சென்ற ஆண்டின் விண்ணப்பப் படிவத்தின் மாதிரி ஒன்றையும் என் பையில் வைத்திருக்கிறேன். நுழைவுத் தேர்வில் படம் வரையச் சொல்வார்கள். அதற்கு அழைத்துச் சென்று வரும் பொறுப்பை நானும் நம் ஓவிய ஆசிரியரும் ஏற்றுக்கொள்கிறோம். பொதுக்குழு முடிந்ததும் திண்ணையில் அந்த மரத்தடியில்தான் இருப்பேன். தந்தையார் அங்கு வந்தால் பேசுவோம்.